சி வவுச்சர்

வெளிநாட்டு வேலை விசா பற்றிக் கதை வந்தால் எங்களில் கனபேர் சொல்லுவம்: “திறமை இருக்கிறவனைத்தானே எடுப்பாங்கள்.” பிரித்தானியாவில் இந்தத் தரம்பிரிப்பு எப்படி வந்தது எண்டு பார்த்தால், அது அவ்வளவு நேர்மையான கதை இல்லை.

1962 வரை பொதுநலவாய நாட்டவர்கள், இலங்கையர் உட்பட, அங்கே போய் வேலை செய்யத் தடை இருக்கவில்லை. அந்த வருசம் கன்சர்வேற்றிவ் அரசு மூன்று வகை வவுச்சர் கொண்டுவந்தது. வேலை கையில் உள்ளவருக்கு ஏ. வைத்தியர், ஆசிரியர் போலத் தகைமை உள்ளவருக்கு பி. மற்ற எல்லாருக்கும் சி. அதில் போர்க்காலத்தில் படையில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை. அயர்லாந்துக்காரருக்கு மட்டும் நடைமுறையில் கட்டுப்பாடே இல்லை! தொழிற்கட்சித் தலைவர் ஹியூ கெய்ட்ஸ்கல் இது நிறம் பார்க்கிற சட்டம் எண்டு பாராளுமன்றத்தில் கடுமையாக எதிர்த்தார்.

1963இல் அவர் இறந்துபோனார். 1964 தேர்தலில் தொழிற்கட்சி வென்றாலும், குடியேறிகளுக்கு எதிரான பிரசாரம் நடந்த ஸ்மெத்விக் தொகுதியில் தோற்றது. அந்தப் பயம் விடவில்லை. 1965 ஓகஸ்டில் அதே தொழிற்கட்சி அரசுதான் சி வவுச்சரை ஒழித்தது. ஏ, பி இரண்டுக்கும் சேர்த்து வருசத்துக்கு 8,500. அதிலும் 1,000 மோல்ற்றாவுக்கு.

எங்கட டொக்டர்மார் பி வவுச்சரில் போன கதையை வீடுகளில் பெருமையாகச் சொல்லுவினம். சி வரிசையில் காத்திருந்து போகாமல் போனவர்களைப் பற்றி ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை. பட்டமும் இன்னும் முடியாத நாங்கள் எல்லாம் அண்டைக்கு அந்த வரிசையிலதான் நிண்டிருப்பம்.