கடற்பெருக்கும் கணக்கேடும்: வங்கக் கழிமுகப் பேரிடர்களின் வரலாறு

முன்னுரை

கங்கை, பிரமபுத்திரா, மேக்னா ஆகிய பேராறுகள் கூடிக் கடலில் கலக்கும் வங்கக் கழிமுகம் உலகின் மிகப் பெரிய கழிமுகச் சமவெளிகளுள் ஒன்றாகும். இதன் பெரும்பகுதி இன்று வங்காளதேசத்திலும் எஞ்சிய பகுதி மேற்கு வங்காளத்திலும் அமைந்துள்ளது. வங்காளதேசத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கின்றனர். புயல், கடற்பெருக்கு, ஆற்றரிப்பு, உவர்நீர், நிலத்தடி நஞ்சு என இம்மக்கள் எதிர்கொள்ளும் இடர்கள் பல. இவை அனைத்தையும் 'இயற்கைச் சீற்றம்' என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிடுவது பொதுவழக்கு. அச்சொல் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை, மாண்டோரின் எண்ணிக்கையைப் பதிவுசெய்த ஆவணங்களின் வழியே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. யார் எண்ணினர், யாரை எண்ணினர், எதன்பொருட்டு எண்ணினர் என்னும் வினாக்களுக்கு விடை தேடும்போது, கடலைக் காட்டிலும் கரையைப் பற்றியே மிகுதியாக அறிய நேர்கிறது.

புயலும் ஓதமும்

வங்கக் கடலின் வடமுனை புனல் வடிவில் குறுகியது, ஆழமும் குறைந்தது. புயற்காற்றுத் தள்ளிவரும் நீர் பக்கவாட்டில் பரவ இடமின்றி மேலெழுகிறது. ஓதம் ஏறும் வேளையோடு இப்பெருக்கு இணையுமாயின், சில மீட்டர் உயரமே உடைய ஆற்றிடைத் திட்டுகள் முற்றாக மூழ்குகின்றன. காற்றினால் இறப்போரைவிட நீரினால் இறப்போரே இங்கு மிகுதி. இந்நீர்ப்பெருக்கை இக்கட்டுரையில் 'ஓதப்பெருக்கு' எனக் குறித்துள்ளேன். 'புயல்' என்னும் சொல் பழந்தமிழில் பெரும்பான்மை மேகத்தையும் மழையையும் குறித்தமை அறிஞர் அறிந்ததே. சுழன்றடிக்கும் பெருங்காற்று என்னும் இன்றைய பொருள் பிற்காலத்தது. ஆங்கிலத்திலும் 'சைக்ளோன்' பழஞ்சொல் அன்று. பாம்பின் சுருளைச் சுட்டும் கிரேக்கச் சொல்லினின்று அதனை ஆக்கித் தம் 1848-ஆம் ஆண்டு நூலில் வழங்கியவர், கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் என்பவர். இக்கடலின் புயல்களைப் பல்லாண்டு ஆராய்ந்ததன் பயனாகவே அச்சொல் பிறந்தது.

அபுல் ஃபசல் முதல் கம்பெனிக் கணக்கு வரை

இக்கழிமுகத்தின் ஓதப்பெருக்குப் பற்றிய தொன்மையான குறிப்புகளுள் ஒன்று அபுல் ஃபசலின் 'அயினி அக்பரி'யில் உள்ளது. அக்பர் ஆட்சியின் 29-ஆம் ஆண்டில் பாக்லா சர்க்காரில், அதாவது பிற்காலப் பாக்கர்கஞ்சுப் பகுதியில், கடல் பொங்கி ஏறியதை அவர் விவரிக்கிறார். அரசன் படகில் ஏறினான். அவன் மகன் சிலரோடு கோயிலின் உச்சியில் தங்கினான். வணிகன் ஒருவன் உயர்ந்த பரண் ஒன்றில் ஒதுங்கினான். கோயிலும் பரணும் தப்பின. இரண்டு இலட்சம் அளவில் உயிர்கள் அழிந்தன என்கிறார் அபுல் ஃபசல். அவர் 'உயிர்கள்' என்கிறாரேயன்றி 'மக்கள்' என்று கூறவில்லை. பிற்காலத்துப் பட்டியல்கள் பலவற்றில் இது 'இரண்டு இலட்சம் மக்கள்' என மாறிவிட்டது. ஆடுமாடுகளையும் உள்ளடக்கிய தொகை மனிதர் தொகையாகத் திரிந்தது சிறு பிழையன்று.

1737-ஆம் ஆண்டு அக்டோபரில் ஹூக்ளிக் கரையைத் தாக்கிய புயலின் நிலையும் இத்தகையதே. மூன்று இலட்சம் பேர் மாண்டனர் என்றும், புயலோடு நிலநடுக்கமும் நேர்ந்தது என்றும் இலண்டன் இதழொன்று 1738-இல் வெளியிட்ட செய்தி, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மறுப்பின்றி எடுத்தாளப்பட்டது. நிலநடுக்க ஆய்வாளர் ரோஜர் பில்ஹாம் 1994-இல் கம்பெனி ஆவணங்களைக் கொண்டு இதனை மறுஆய்வு செய்தார். அக்காலக் கல்கத்தாவின் மக்கள்தொகையே இருபதாயிரம் அளவினது. நகரில் மாண்டோர் மூவாயிரம் அளவினர். நிலநடுக்கத்திற்கு உறுதியான சான்று இல்லை என்பது அவர் முடிவு. தொலைநாட்டு வாசகருக்குக் கீழைக்கடல் அழிவின் களமாகவே அறிமுகமாகியிருந்தது. பெரிய எண் அங்கு எளிதில் நம்பப்பட்டது.

பிடிங்டனின் எச்சரிக்கை

ஹூக்ளி ஆறு தூர்ந்துவருவதாக அஞ்சிய ஆங்கில அரசு, மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டது. அவ்விடத்தை ஒருநாள் கடற்பெருக்கு அழித்தே தீரும் எனப் பிடிங்டன் 1853-இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு எழுதினார். அவர் சொல் ஏற்கப்படவில்லை. தலைமை ஆளுநராக அடுத்து வந்தவரின் பெயரால் போர்ட் கானிங் எழுந்தது. கல்கத்தாவிலிருந்து இருப்புப்பாதையும் இடப்பட்டது. பிடிங்டன் 1858-இல் மறைந்தார். 1867 நவம்பரில் வந்த புயலில் துறைமுகம் சிதைந்தது; சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. அமிதாவ் கோஷ் 'தி ஹங்ரி டைடு' என்னும் புதினத்தில் (2004) இச்செய்தியை எடுத்தாண்ட பின்னரே அது பலரும் அறிந்ததாயிற்று.

இதனிடையே 1864 அக்டோபர் 5-ஆம் நாள் புயல் கல்கத்தாத் துறைமுகத்துக் கப்பல்களைக் கரையேற்றி உடைத்தது. கழிமுகத்தில் அறுபதாயிரம் அளவில் மக்கள் இறந்தனர். மறு ஆண்டே கல்கத்தாவில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கப்பெற்றது. 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டதற்கு இப்புயலும், 1866, 1871 ஆகிய ஆண்டுகளில் பருவமழை பொய்த்தமையும் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. ஆயினும் தொடக்கத்தில் அவ்வெச்சரிக்கை கப்பல்களுக்கு உரியதாகவே இருந்தது. மேக்னா முகத்துத் திட்டுகளில் வாழ்ந்த உழவரை எட்டும் வழி அதற்கில்லை.

1876: பாக்கர்கஞ்சும் சென்னையும்

வானிலைத் துறை தோன்றிய மறு ஆண்டில், 1876 அக்டோபர் 31-ஆம் நாள் இரவு, மேக்னாவின் முகத்தில் ஓதப்பெருக்கு ஏறியது. பாக்கர்கஞ்சு, நவகாளி மாவட்டங்களும் ஹாத்தியா, சந்தீப், தெற்கு ஷாபாஸ்பூர் தீவுகளும் மூழ்கின. மாண்டோர் இரண்டு இலட்சத்தைத் தாண்டுவர் என வங்காளத் துணைநிலை ஆளுநர் சர் ரிச்சர்டு டெம்பிள் முதலில் மதிப்பிட்டார். நீரில் மாண்டோர் ஓர் இலட்சம், பின்வந்த காலராவிலும் பசியிலும் மாண்டோர் ஏறத்தாழ மற்றோர் இலட்சம் என்பது பிற்காலத்தில் பரவலாக வழங்கும் கணக்கு. இவ்விரு கணக்குகளின் வேறுபாடு வெறும் தொகை வேறுபாடன்று. முதற்கணக்கின்படி கொன்றது கடல் மட்டுமே. இரண்டாம் கணக்கின்படி, கடல் வடிந்த பின்னும் மக்கள் செத்துக்கொண்டிருந்தனர். அவர்களைக் காக்கக் காலமும் வாய்ப்பும் இருந்தன.

இம்மக்கள் அத்தாழ்நிலத்திற்கு ஏன் சென்றனர் என்பதும் நோக்கத்தக்கது. 1793-இன் நிலையான நிலவரித் திட்டம் ஜமீன்தார் செலுத்தும் வரியை வரையறுத்தது. புதிதாகத் திருத்தும் நிலத்தின் வருவாய் பெரிதும் இடைக்காரரைச் சேர்ந்தது. காடழித்து நெல் விளைவிக்க ஆட்களைக் குடியேற்றுவது ஆதாயமான தொழிலாயிற்று. அலையைத் தடுத்துவந்த கடலோரக் காடு பின்வாங்கியது. தென்னையும் கமுகும் சூழ்ந்த பழைய ஊர்களில் மரங்களைப் பற்றிப் பலர் பிழைத்தனர். மரம் வளராத புதுத்திட்டுகளில் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. பெஞ்சமின் கிங்ஸ்பரி இப்புயலைப் பற்றி 2018-இல் வெளியிட்ட நூல் இவ்வாதத்தை விரிவாக முன்வைக்கிறது. என் கருத்தும் அதனோடு ஒத்ததே.

டெம்பிள் புயல் நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். மக்கள் உழைப்பாளிகள், விளைந்த நெல் எஞ்சியுள்ளது, ஆகவே பெரிய அளவில் அரசு உதவி தேவையில்லை என்ற நிலைப்பாட்டை மேற்கொண்டார். 1874-இல் பீகார்ப் பஞ்சத்தின்போது தாராளமாகச் செலவிட்டமைக்காகக் கடுமையாகக் குறைகூறப்பட்டவர் அவர். அதன்பின் சிக்கனத்தையே கொள்கையாக்கினார். இதற்குப்பின் நிகழ்ந்தது தமிழறிஞர்களுக்கு அணுக்கமானது. 1877 ஜனவரியில் இதே டெம்பிள் பஞ்சப் பிரதிநிதியாகச் சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டார். நம்மவர் தாது வருடப் பஞ்சம் என்று இன்றளவும் நினைவுகூரும் அப்பஞ்சத்தில், நிவாரணப் பணியாளருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறுதொகையுமே கூலி என நிர்ணயித்தவர் அவரே. 'டெம்பிள் கூலி' எனப் பெயர்பெற்ற அதனைச் சென்னைச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பாக்கர்கஞ்சின் நீரையும் சேலம், கோயம்புத்தூர் வறட்சியையும் தனித்தனி இயற்கை நிகழ்வுகளாகவே வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கூறுகின்றன. மூன்று திங்கள் இடைவெளியில் ஒரே கை இரண்டு இடத்திலும் அளந்தது என்பதையும் சேர்த்தே அவற்றைப் படிக்கவேண்டும்.

1970: எண்ணப்படாத கூலியாள்கள்

1970 நவம்பர் 12-ஆம் நாள் இரவு போலா தீவையும் சுற்றுப்புறத்தையும் தாக்கிய புயலில் மூன்று முதல் ஐந்து இலட்சம் பேர் மாண்டனர் என்பர். பதிவான வரலாற்றில் மிகுந்த உயிர்ப்பலி கொண்ட புயல் இதுவே. புயல் வருவதைப் பலர் கேள்வியுற்றிருந்தனர்; ஒதுங்கத்தக்க உறுதியான கட்டடந்தான் இல்லை. பின்னர் மேற்கொள்ளப்பட்ட கள ஆய்வின் அடிப்படையில் சோமர், மோஸ்லி என்னும் மருத்துவ ஆய்வாளர்கள் 1972-இல் வெளியிட்ட கணக்கு குறைந்தது 2,24,000 இறப்புகளைக் காட்டியது. இறந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆயின் அது அமன் நெல் அறுவடைக் காலம். வெளி மாவட்டங்களிலிருந்து கூலிக்கு வந்தோர் திட்டுகளில் தங்கியிருந்தனர். எஞ்சிய குடும்பங்களைக் கேட்டு எண்ணும் முறையில், அவ்விடத்தில் குடும்பமே இல்லாத இவர்கள் எளிதில் விடுபடுவர். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட அப்பேரிடைவெளியில் இவர்களும் அடங்குவர் எனக் கருத இடமுண்டு.

மேற்குப் பாகிஸ்தான் அரசின் மெத்தனம் கிழக்கு வங்க மக்களின் சினத்தை மூட்டியது. டிசம்பர் 7-ஆம் நாள் தேர்தலில் அவாமி லீக் கிழக்கில் ஏறத்தாழ எல்லா இடங்களையும் கைப்பற்றியது. இப்பகுதி பலரும் எழுதியது, இங்கு விரிக்கவில்லை. விடுதலைக்குப் பின் தொண்டர் படையும் புயல் புகலிடங்களும் உருவாயின. 1991 ஏப்ரல் 29-ஆம் நாள் புயலில் 1,38,000 அளவில் இறந்தனர். ஆடவரைவிடப் பெண்டிர் மிகுதி. 2007-இன் சித்ர் புயலில் இவ்வெண் 3,400 அளவுக்குத் தாழ்ந்தது. கடல் மாறிவிடவில்லை.

கரையும் நீரும்

உயிரிழப்புக் குறைந்தபோதிலும் நிலத்தின் நிலை வேறாயிற்று. முற்காலத்தில் ஜமீன்தார் மேற்பார்வையில் 'அஷ்டமாசி' என்னும் எட்டுமாதக் கரைகள் எழுப்பப்பட்டன. உவர்நீர் ஏறும் மாதங்களில் அவை வயலைக் காத்தன; மழைக்காலத்தில் ஆற்றுநீர் உட்புகுந்து வண்டல் இட்டது. 1950-இல் ஜமீன் முறை ஒழிந்தபின் அப்பராமரிப்பு சிதைந்தது. 1960-களில் அயல்நாட்டு வல்லுநர் துணையோடு நிலையான மண்கரைகள் எழுந்தன; கரைசூழ் நிலங்கள் 'போல்டர்' என்னும் டச்சுப் பெயரால் வழங்கலாயின. தொடக்கத்தில் விளைச்சல் பெருகியது. பின்னர் உள்ளே வண்டல் சேராமையால் நிலம் தாழ்ந்தது. வெளியே ஆற்றுப்படுகை உயர்ந்தது. மழைநீர் வடிய வழியின்றித் தேங்கியது. 1990-இல் குல்னா மாவட்டத்து டகாத்தியாத் தாழ்நிலத்து மக்கள் தாமே கரையை வெட்டி ஓதநீரை உள்ளே விட்டனர். அரசின் பார்வையில் அது சட்டமீறல். எனினும் ஓதநீரை வண்டலுக்காக முறைப்படி அனுமதிக்கும் திட்டம் அப்பட்டறிவிலிருந்தே பின்னர் உருவாயிற்று. 2009-இல் ஐலா புயல் உடைத்த 32-ஆம் போல்டரை ஆராய்ந்தோர், உட்புற நிலம் வெளிப்புறத்தைவிட 1 முதல் 1.5 மீட்டர் வரை தாழ்ந்திருந்ததை 2015-இல் வெளியிட்டனர். கரை அடைபடாதிருந்த ஏறத்தாழ ஈராண்டில் பல சென்டிமீட்டர் வண்டல் படிந்தது. அவ்வீராண்டும் மக்கள் கரைமேல் குடிசையிட்டு வாழ்ந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

குடிநீரும் இவ்வாறே ஆயிற்று. குளத்துநீரால் பரவிய வயிற்றுநோயைத் தடுக்க 1970-களிலிருந்து இலட்சக்கணக்கான குழாய்க்கிணறுகள் இறக்கப்பட்டன. அந்நீரில் ஆர்செனிக் இருப்பது மேற்கு வங்காளத்தில் 1983 அளவில் தோல்நோயாளிகள் வழியே தெரியவந்தது. 2001-இல் வெளியான ஆய்வின்படி வங்காளதேசத்தில் ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேர் அந்நாட்டு வரம்பை மிஞ்சிய ஆர்செனிக் நீரைப் பருகிவந்தனர். புயலைப்போல் ஒரே இரவில் வந்ததன்று ஆகையால், இதில் மாண்டோரின் கணக்கு எந்தப் புயற்பட்டியலிலும் இடம்பெறாது.

சிகஸ்தியும் பயஸ்தியும்

ஆறு அரித்துச்சென்ற நிலம் 'சிகஸ்தி' எனவும், புதிதாகவோ மீண்டோ எழுந்த நிலம் 'பயஸ்தி' எனவும் பாரசீக வழிச் சொற்களால் வங்க வருவாய்த்துறையில் குறிக்கப்படுகின்றன. எழும் நிலத்தை வங்காளிகள் 'சர்' என்பர். சங்க இலக்கியத்தின் 'எக்கர்', கொள்ளிடக் கரையினர் வழங்கும் 'திட்டு' ஆகியவற்றோடு இது ஒப்பிடத்தக்கது. மூழ்கி மீண்ட நிலம் யாருக்குரியது என்பதை 1825-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி முதல் சட்டங்கள் மாற்றிமாற்றி வரையறுத்துள்ளன. 1972-இன் ஆணை அத்தகைய நிலம் அரசுக்கே உரியதென்றது. 1994-இன் சட்டம் முப்பது ஆண்டுக்குள் மீளுமாயின் பழைய உடையவரின் உரிமையை ஏற்றது. ஆனால் அரிப்பின்போதே குடும்பம் ஊர்விட்டுப் போயிருக்கும்; வரி கட்டிய சீட்டும் ஆற்றோடு போயிருக்கும். நிலம் மீண்டெழும்போது அங்கே முதலில் உழுபவர், பெரும்பாலும், அவ்வூரில் ஆள்பலம் உடையவராகவே இருக்கிறார்.