ராமநாதபுரத்துக்கு 250 வராகன்

எங்க சிக்கல் பக்கம் ‘எய்டட் ஸ்கூல் வாத்தியார்’ என்றால் தனி மரியாதை. வேலை கொடுப்பது தனியார் நிர்வாகம், சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து. இந்த ஏற்பாட்டின் வேரைத் தேடிப் போனால், நாங்கள் பஸ் ஏறிப் போகும் ராமநாதபுரத்திலேயே கிடைக்கிறது.

1785இல் மிஷனரி ஸ்வார்ட்ஸ் அங்கே ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். யோசனை தஞ்சாவூர் ரெசிடென்ட் ஜான் சல்லிவனுடையது. துபாஷிகள் இடையில் இல்லாமல் ஊர்க்காரர்களிடம் நேரடியாகப் பேச வேண்டும், அதுதான் அவர் கணக்கு. 1787இல் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கைப் பள்ளிகளுக்கு ஆண்டுக்குத் தலா 250 வராகன் ஒதுக்கியது. படிப்பின் மேல் பாசமெல்லாம் இல்லைங்க. வியாபாரத்துக்கு ஆள் வேண்டும்.

1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை இதை இந்தியா முழுமைக்குமான கொள்கையாக்கியது. மானியம் வேண்டுமா, இன்ஸ்பெக்டரை உள்ளே விடு.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் 25 சதவீத இடங்களில் சேரும் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு பணம் கட்டுகிறது. மத்திய அரசோ அந்தப் பணம் வரும் சமக்ர சிக்‌ஷா நிதியை பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தோடு முடிச்சுப் போட்டது. தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை. 2025இல் கோடையிலேயே நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் காலாண்டு லீவே முடிந்துவிட்டது.