வழிபாடு ஓய்ந்த ஆலயம்

ஒரு தேவாலயத்தில் வழிபாடு நின்றுவிட்டால், அக்கட்டடத்தை என்ன செய்வது? இடித்து விடுவதா, பாழடைய விடுவதா, அன்றி வேறொரு பணிக்கு உரியதாக்குவதா? மேலைநாடுகள் பலவற்றில் இன்று எழுந்துள்ள இவ்வினாவுக்கு, ஒல்லாந்து தேசத்தின் தென்கோடியிலே, மாஸ் நதிக்கரையில் அமைந்த மாஸ்ட்ரிக்ட் நகரம் ஒரு விடை கண்டுள்ளது. அவ்விடை ஒரு நாளிற் கிடைத்ததன்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அலைக்கழிவின் பின்னரே கிடைத்தது.

சாமிநாதர் சபைத் துறவியர் அந்நகரில் எழுப்பிய தேவாலயம் 1294ஆம் ஆண்டிலே அபிஷேகம் செய்யப்பட்டது. கூர்முனை வளைவுகளும் உயர்ந்த கல் விதானமும் கொண்ட கொதிக் பாணிக் கட்டடம் அது. அச்சபையின் பேரறிஞரான அக்குவினாஸ் தோமையாரைச் சித்திரிக்கும் ஓவியமொன்று 1337ஆம் ஆண்டில் அதன் சுவரிலே தீட்டப்பட்டது. ஐந்து நூற்றாண்டுக் காலம் அங்கே செபமும் போதனையும் ஒலித்தன.

1794ஆம் ஆண்டிலே பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் மாஸ்ட்ரிக்ட் நகரைக் கைப்பற்றின. சில ஆண்டுகளுள் துறவியர் வெளியேற்றப்பட்டனர், வழிபாடும் நின்றது. அதன்பின் அக்கட்டடம் பண்டசாலையாயிற்று. பிற்காலத்திற் கேளிக்கை விழாக்களுக்குரிய மண்டபமாயிற்று. ஈற்றில் துவிச்சக்கரவண்டிகளை நிறுத்தி வைக்கும் இடமாகவும் ஆயிற்று. புனிதமான ஓரிடத்துக்கு நேர்ந்த இழிவே இஃது என்று வருந்துவோர் உளர், அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. ஏதோவொரு பயன் இருந்தமையால், கூரையைப் பேணுதற்கும் ஒரு காரணம் இருந்தது. கூரை வீழ்ந்த கட்டடத்தில் மழைநீர் சுவரினுள் இறங்கும், சுண்ணச்சாந்து கரையும், ஓவியமும் உடன் அழியும்.

2006ஆம் ஆண்டின் இறுதியில் அத்தேவாலயம் ஒரு புத்தகசாலையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஒரு சிக்கல் எழுந்தது. புத்தகசாலைக்கு வேண்டிய பரப்பு ஏறத்தாழ 1,200 சதுர மீற்றர். ஆலயத்தின் தரைப்பரப்போ ஏறக்குறைய 750 சதுர மீற்றரே. நடுவே மேற்றளம் அமைத்திருந்தால் இடம் கிடைத்திருக்கும். ஆனால் ஆலயத்தின் உயரமும் தூண்களின் வனப்பும் மறைந்திருக்கும். எனவே சிற்பிகள் வேறொரு வழி கண்டனர். கருநிற உருக்கினாலான பல தட்டுப் புத்தக அடுக்கு ஒன்றை ஆலயத்தின் ஒரு பக்கத்திலே தனித்து நிற்குமாறு நிறுவினர். மறுபக்கம் தரையிலிருந்து விதானம்வரை திறந்தவெளியாகவே விடப்பட்டது. அடுக்கின் படிகளில் ஏறுவோர், கீழிருந்து அண்ணாந்து நோக்கிய விதான ஓவியங்களை இப்பொழுது அருகிலே காண்கின்றனர்.

பீடம் இருந்த பகுதியிலே இன்று சிலுவை வடிவ மேசையைச் சுற்றியமர்ந்து மக்கள் கோப்பி அருந்துகின்றனர். இது தகுமோ என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் போதித்தலையும் கற்றலையும் தம் கடமையாகக் கொண்டிருந்த துறவியரின் இல்லத்திலே நூல்கள் குடியேறியமை முற்றிலும் பொருந்தாதது எனக் கூறுதல் அரிது.

புதுவாழ்வு பெற்ற அவ்விடத்துக்கும் 2014ஆம் ஆண்டிலே சோதனை வந்தது. புத்தகசாலையை நடத்திய நிறுவனம் முறிவடைந்தது. அப்பொழுது அங்கே பணியாற்றியோர் அதனைத் தாமே ஏற்று நடத்த முன்வந்தனர். பொதுமக்கள் பலர் தம்மாலியன்ற பணத்தை உதவினர். கதவுகள் நிரந்தரமாக மூடப்படவில்லை. 1794ஆம் ஆண்டின் பின் அவ்வாலயம் எத்தனையோ பேரின் தேவைக்குப் பயன்பட்டதுண்டு. அதனைத் தமக்குரியதென்று கருதி ஊரவர் காத்து நின்றது இம்முறையே. பழங்கட்டடத்துக்குப் புதுப்பணி தேடுவோர் கல்லையும் மரத்தையும் கணக்கிடுவதோடு, அவ்வூர் மக்கள் அதனுள்ளே நாள்தோறும் நுழைவதற்கு வழியுண்டா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.