ஏட்டைத் தின்றதும் கூடாரத்தைத் தின்றதும்

எங்கள் பாலவனத்தத்து ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். ஏட்டுச்சுவடிகளைக் கரையானிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் மீட்க அலைந்த காலம் அது. பனையோலை, பருத்தி, வைக்கோல் மூன்றுக்குமே முக்கிய உடம்பு ஒன்றுதான்: செல்லுலோஸ். குளுக்கோஸை ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்து இறுக்கிக் கட்டிய நார். நம்ம வயிற்றால் அதை உடைக்க முடியாது. நுண்ணுயிர்களால் முடியும்; செல்லுலேஸ் என்கிற நொதி அவற்றிடம் இருக்கிறது.

இதே எதிரியை இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையும் சந்தித்தது. தென்பசிபிக் ஈரத்தில் கூடாரமும் உடுப்பும் மக்கி உதிர்ந்தன. பூகன்வில் தீவில் கெட்டுப்போன கூடாரத்துணியிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார்கள். அதைத் தடுக்கத்தான் ஆராய்ச்சியே தொடங்கியது. எல்வின் ரீஸும் மேரி மேண்டல்ஸும் வருஷக்கணக்காக அதோடு மல்லுக்கட்டினார்கள். 1970களின் எண்ணெய் நெருக்கடியில் கேள்வி தலைகீழானது: இந்தப் பூஞ்சையை வைத்தே பழைய காகிதத்தைச் சர்க்கரையாக்கி, எரிபொருள் செய்ய முடியுமா? 1977இல் ரீஸின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்: டிரைக்கோடெர்மா ரீஸி. இன்றைய தொழிற்சாலை வகைகள் பெரும்பாலும் அந்தக் கூடாரத்துப் பூஞ்சையின் வாரிசுகள்தான். பருத்தித் துணியின் பிசிறை நீக்கி மழமழப்பாக்கவும் செல்லுலேஸைப் பயன்படுத்துகிறார்கள். துணியைத் தின்றதே துணிக்கு மெருகேற்றுகிறது!

ஆனால் அந்த நொதிக்கு 50 டிகிரியே எல்லை மாதிரி. அதற்கு மேலே போகப்போக, முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி அதன் கட்டு குலைந்துவிடும். தொழிற்சாலைக்கோ சூடு வேண்டும். வேலை வேகமாக நடக்கும், வேண்டாத கிருமி அண்டாது. அதனால் எருக்குவியல், வெந்நீர் ஊற்று என்று தேடினார்கள். எருக்குழியைக் கிளறினால் ஆவி பறக்குமே, அந்தச் சூட்டிலும் வாழ்கிறவை உண்டு. 1926இலேயே விவரிக்கப்பட்ட கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம், காற்றில்லாமல் 60 டிகிரியில் வளரும். அதன் நொதிகள் தனித்தனியாகத் திரிவதில்லை, ஒரே இயந்திரமாகக் கூடி நின்று நாரை அறுக்கின்றன என்று 1983இல் எட் பேயரும் ரஃபேல் லாமெடும் காட்டினார்கள்.

2022இல் பானிபட்டில் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. திட்டம், வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால். அடுத்து பருத்திமார் என்கிறார்கள். அது வைக்கோலைவிடக் கட்டி; லிக்னின் அதிகம், முதலில் நன்றாக வேகவைத்தாக வேண்டும். அறிக்கைகள் அதைக் கழிவு என்று எழுதுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கரிசல்காட்டில் பருத்திமார் என்பது விறகு. ஆலை அதை வாங்க வருமானால், அடுப்பு வைத்திருக்கிறவளிடம்தான் முதலில் விலை பேச வேண்டும்.