உள்வாயில் இல்லாத திரை

பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியான மர்பி டவுனில், குடும்பத்தின் பழைய மேசைக் கணினியும் கல்லூரிக்காக வாங்கிய மடிக்கணினியும் ஒரே வீட்டில் இருப்பது அரிதன்று. மேசைக் கணினியின் பெரிய திரையை மடிக்கணினிக்குப் பயன்படுத்த இயலுமா? திரை தனிக்கருவியாக இருப்பின் விடை எளிது: எச்டிஎம்ஐ கம்பியைக் கழற்றி மடிக்கணினியில் மாட்டினால் போதும். திரையும் கணினியும் ஒரே உடலாக அமைந்த ஆல்-இன்-ஒன் வகையில்தான் சிக்கல். அவற்றுள் பெரும்பாலானவற்றின் எச்டிஎம்ஐ துளை படத்தை வெளியே அனுப்பும், உள்ளே ஏற்காது. இந்த ஒருவழிப் பாதைக்கு ஒரு வரலாறு உண்டு.

தொடக்கத்தில் காட்டுவதும் கணிப்பதும் தனித்தனி வேலைகளாக இருந்தன. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 முனையம், வேறோர் அறையில் இருந்த கணினி அனுப்பிய எழுத்துகளைக் காட்டியது. விசைப்பலகையில் தட்டியதைத் திருப்பி அனுப்பியது. 1984இல் வந்த மெக்கின்டாஷ் திரையையும் கணினியையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தது. அதே ஆண்டில் எம்ஐடியில் உருவான எக்ஸ் சாளர முறைமை எதிர்த்திசையில் சென்றது. நிரல் ஓரிடத்தில் இயங்க, அதன் சாளரம் வலையமைப்பு வழியே இன்னொரு கணினியில் தோன்றியது. அம்முறையில் திரையுள்ள கணினிக்கே 'சர்வர்' என்று பெயர். காட்டுதல் என்பது பிற கணினிகளுக்கும் வழங்கத்தக்க சேவை என்ற கருத்து அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

மேசைக் கணினியே கம்பி வழியாக மடிக்கணினியின் திரையாக மாறிய பெயர்பெற்ற நிகழ்வு 2009 இறுதியில் நேர்ந்தது. ஆப்பிளின் 27 அங்குல ஐமேக், மினி டிஸ்பிளேபோர்ட் துளை வழியே வெளிப் படத்தை ஏற்றது. 'டார்கெட் டிஸ்பிளே' எனப்பட்ட இவ்வசதி 2011 முதல் தண்டர்போல்ட்டுக்கு மாறியது. துளையின் வடிவம் மாறாதபோதும், பழைய மினி டிஸ்பிளேபோர்ட் மடிக்கணினிகளின் படத்தைப் புதிய ஐமேக் ஏற்கவில்லை. 2014 இறுதியில் 5கே திரையுடன் ஐமேக் வந்தபோது வசதி முற்றிலும் மறைந்தது. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தது: 5120×2880 புள்ளிகளை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் அளவுத் தரவை அன்றைய டிஸ்பிளேபோர்ட் 1.2 ஒற்றைக் கம்பியில் சுமக்க இயலவில்லை. ஆனால் 2016இல் தண்டர்போல்ட் 3 வழியே இயங்கும் 5கே திரைகள் சந்தைக்கு வந்தன. 2017இன் ஐமேக்கிலும் தண்டர்போல்ட் 3 இடம்பெற்றது. தடை நீங்கிய பின்னும் வசதி திரும்பவில்லை. எனவே, இழப்பு முழுவதையும் தொழில்நுட்பத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

கம்பி மூடிய வழியைக் கம்பியில்லா இணைப்பு ஓரளவு திறந்தது. 2016ஆம் ஆண்டுப் புதுப்பிப்பு முதல் விண்டோஸ் 10 கணினிகள், தக்க வைஃபை வன்பொருள் இருப்பின், மிராகாஸ்ட் படத்தை ஏற்கின்றன. 2021இல் மேக்கின் மான்டரே பதிப்பு ஏர்பிளே வழியே அதைச் செய்தது. எனினும், இம்முறைகளில் படம் சுருக்கப்பட்டு வலையமைப்பில் பயணித்து மீண்டும் விரிவதால் சிறு தாமதம் நேர்கிறது. கட்டுரை எழுதுவதற்கு அது தடையன்று. காணொளியைத் தொகுப்பவருக்குத் தடையே. மேலும், காட்டும் கணினி உயிரோடு இருந்தாக வேண்டும். தாய்ப்பலகை செயலிழந்தால் நல்ல திரையும் அதனோடு பயனற்றுப் போகிறது.

அந்நிலையில் எஞ்சுவது பழுதுபார்ப்பவரின் வழி: பெட்டியைத் திறந்து, திரைப்பலகத்தைப் பிரித்து, எச்டிஎம்ஐ ஏற்கும் கட்டுப்பாட்டுப் பலகையைப் பொருத்துவது. பெங்களூரின் எஸ்.பி. சாலை போன்ற உதிரிபாகச் சந்தைகளே இதற்கு ஆதாரம். 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகள், பயன்பாடு முடிந்த கருவியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்தன. ஆனால் ஒரு திரையின் பயன்பாடு எப்போது முடிகிறது என்பது, அதற்கு உள்வாயில் வைப்பதா வேண்டாமா என்று வடிவமைப்பு மேசையில் எடுக்கப்படும் முடிவையும் சார்ந்தது. கணினி வரலாற்றைச் செயலிகளின் வேகத்தால் மட்டும் அளப்போர் இத்தகைய முடிவுகளைத் தவறவிடுகின்றனர். துளைகளின் வரலாறும் எழுதப்பட வேண்டும்.