வழி புலப்படும் வரை

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் முதலாவது ஐயமின்மை. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இவ்வுறுப்பை வலியுறுத்துகின்றன. அங்ஙனமாயின், அறநெறியில் நின்ற துறவி ஒருவர், தமக்கு வழி இன்னும் புலப்படவில்லை என்று பாடுவது குற்றமாகாதா? 17ஆம் நூற்றாண்டில் குஜராத், இராஜஸ்தான் பகுதிகளில் வாழ்ந்த சுவேதாம்பர முனிவர் ஆனந்தகனரின் பாடல்கள் இவ்வினாவை எழுப்பி, விடையும் தருகின்றன.

கச்சப் பூசல்களை விட்டு விலகி நின்றவர் ஆனந்தகனர். அவர் காலத்துத் தருக்கப் பேரறிஞரான யசோவிஜயர், வாதத்தில் வல்லவராயிருந்தும், அவரைப் போற்றி எட்டுப் பாடல்கள் இயற்றினார். தீர்த்தங்கரர் இருபத்துநால்வர்மீது துதி பாடத் தொடங்கிய ஆனந்தகனர் பாடியனவாகக் கிடைப்பவை 22 துதிகளே. எஞ்சிய இரண்டையும் பிற்காலத்தார் பாடிச் சேர்த்தனர்.

அவற்றுள் இரண்டாம் துதி அஜிதநாதரை நோக்கியது. பகவான் வென்ற பகைகள் தம்மை வென்றுவிட்டதாக முனிவர் நாணுகின்றார். புறக்கண்ணால் நோக்கினும், முன்னோர் மரபைப் பற்றிச் செல்லினும், தருக்கத்தால் ஆராயினும் வழி தெளிவாகவில்லை. எனினும் அவர் கலங்கவில்லை. காலலப்தி, அஃதாவது உரிய காலம் கனிதல், வாய்க்கும்போது வழி காண்போம் என்னும் நம்பிக்கையைப் பற்றிக்கொண்டு அமைதியுறுகின்றார்.

முனிசுவிரதர் துதியில், ஆன்மாவைப் பற்றி வெவ்வேறு சமயத்தார் கூறுவனவற்றை அடுக்கி, இவற்றுள் மெய் யாது என இறைவனிடமே வினவுகின்றார். பற்றும் பகையும் நீக்கி ஆன்மாவைத் தியானிப்பதே அவர் பெறும் விடை. அடுத்து வரும் நமிநாதர் துதியோ, ஆறு தரிசனங்களையும் ஜினரின் உறுப்புகளாகவே காண்கின்றது. அநேகாந்தம் இங்குப் பாடலாகிவிட்டது.

நம் நீலகேசியை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு தெளிவாகும். நீலகேசி பிற சமயத்தாரோடு வாதிட்டு வெல்கின்றாள். அஃது அக்காலத்தின் தேவை. ஆனந்தகனரோ வாதத்தின் எல்லையைக் கண்டவர். வாதம் பிறரை வெல்லப் பயன்படலாம். தன் உள்ளத்து இருளைப் போக்க அது மட்டும் போதாது.

எனவே, முதலில் எழுந்த வினாவுக்கு விடை இதுவாகும். ஆனந்தகனர் ஜினநெறியை ஐயுறவில்லை. அந்நெறியை முழுதும் காணவல்ல கண் தமக்கு வாய்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளவுமில்லை. முற்றறிவு கேவலிக்கே உரியது. அஃது எய்தாதார் தம் அறிவின் குறையை ஒப்புக்கொள்ளுதல் நற்காட்சிக்கு மாறன்று. ஐயமின்மை என்பது எல்லாம் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளுதலும் அன்று.

இராமன், இரகுமான், மகாதேவன், பார்சுவநாதர் எனப் பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே என்னும் கருத்தமைந்த பாடல் ஒன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. அவர் பாடல் காந்தியடிகளின் ஆசிரம பஜனாவளியிலும் இடம்பெற்றது.

வீடுபேறு உண்டா, தீர்த்தங்கரர் நம் துதியைக் கேட்பரா என்று இன்று நம் இல்லங்களில் இளையோர் வினவுகின்றனர். அவர்களை அதட்டி வாய்மூடச் செய்தல் தகாது. அறிந்ததைச் சொல்லி, அறியாததை அறியோம் என ஒப்புக்கொள்ளுதலே அழகு. வினாவோடு ஜினாலயத்துள் வந்து துதியில் குரல் சேர்க்கும் பிள்ளைக்கும் அங்கு இடம் உண்டு. காலம் கனியும் வரை பாடிக்கொண்டிருத்தலும் ஒரு தவமே.