வெள்ளைக் கூம்பு ஒலிபெருக்கியும் மதிப்பீட்டின் வரலாறும்

யமஹா நிறுவனம் 1978இல் என்எஸ்-10எம் என்னும் ஒலிபெருக்கியை வீட்டில் இசை கேட்போருக்காகவே வெளியிட்டது. அகிரா நகமுரா வடிவமைத்த அந்தச் சிறு பெட்டியை வீட்டுச் சந்தை பெரிதாக வரவேற்கவில்லை. அதில் தாழொலி மெலிந்திருந்தது. 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய நடு அதிர்வெண்கள் துருத்தி நின்றன. உயரொலி காதை உறுத்தியது. ஆயினும் 1980களில் அதே பெட்டி உலகின் பல ஒலிப்பதிவுக் கூடங்களில் கலவை மேசையின் மீது இடம்பிடித்தது. இப்பரவலுக்கு அமெரிக்கப் பொறியாளர் பாப் கிளியர்மவுண்டனின் பெயரே பெரும்பாலும் சுட்டப்படுகிறது.

இம்முரணுக்குப் பொறியாளர்களிடையே வழங்கிய விளக்கம் எளியது: இதில் நன்றாக ஒலிக்கும் பாடல் எதிலும் நன்றாக ஒலிக்கும். உயரொலியின் உறுத்தலைத் தணிக்கப் பலர் ட்வீட்டரின் மீது மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டினர். 1987இல் வந்த ஸ்டுடியோ வகையில் யமஹாவே அவ்வுறுத்தலைக் குறைத்தது. ஆனால் குறையுள்ள ஒலிபெருக்கிகள் சந்தையில் ஏராளமாக இருந்தன. அவற்றுள் இது மட்டும் ஏன் நிலைத்தது என்பதற்கு அவ்விளக்கத்தில் விடையில்லை.

விடையை 2001இல் ஓர் ஆய்வுரை முன்வைத்தது. பிலிப் நியூவெல், கீத் ஹாலண்ட், ஜூலியஸ் நியூவெல் ஆகியோர், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த அளவீடுகளைக் கொண்டு, அதிர்வெண் வரைபடத்தோடு நிற்காமல் ஒலி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதையும் ஒப்பிட்டனர். காற்றுத் துளையுள்ள பெட்டிகளில் தாழொலி ஆழமாக இறங்கும். எனினும் குறிப்பலை நின்ற பின்னும் சற்று நீடிக்கும். என்எஸ்-10 மூடிய பெட்டி. அதில் தாழொலி குறைவு, ஆயினும் உடனே அடங்கும். ஆகவே டிரம்மும் பேஸ் கிதாரும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைப் பொறியாளரால் தெளிவாகக் கேட்க முடிந்தது.

அதே ஆண்டில், கூம்புக்குரிய மரக்கூழ் கிடைக்காமையால் உற்பத்தி நின்றது. 2008இல் இதற்காக யமஹாவுக்குத் தொழில்நுட்ப கிராமி வழங்கப்பட்டது.

இன்று பழைய இணை ஒன்றை மதிப்பிடுவோர் இவ்வரலாற்றை மறத்தலாகாது. இது பாஸிவ் வகை. இணைக்கும் ஆம்ப்ளிஃபையரும் முடிவை மாற்றும். மின்தேக்கிகள் மூப்படைந்திருக்கலாம், ஒரு பெட்டியில் மட்டும் ட்வீட்டர் மாற்றப்பட்டிருக்கலாம். எனவே இரு பெட்டிகளையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுதல் முதற்பணி. அதன் பின்னரே அதிர்வெண் வரைபடத்தையும் தணியும் நேரத்தையும் சேர்த்து நோக்க வேண்டும். வரைபடத்தை மட்டும் நம்பியிருந்தால், 1978இன் வீட்டுச் சந்தை வழங்கிய தீர்ப்பே இறுதியாகியிருக்கும்.